ஒரே தேதி, வேற வேற வருஷம்: ஸ்போர்ட்ஸ் ஹிஸ்டரில "இதே நாள்" தொகுப்பு போடுறது எப்படி, முழு வழிகாட்டி

"வரலாற்றில் இன்று"ன்னு வர்ற ஸ்போர்ட்ஸ் போஸ்ட்ல முக்கால்வாசி ஒரே மாதிரி தான் இருக்கும், இந்த வருஷம் இவங்க கப் அடிச்சாங்க, அந்த வருஷம் அவர் பொறந்தாரு, கடைசில ஒரு கைதட்டுற எமோஜி, முடிஞ்சுது. தப்புன்னு சொல்லல, ஆனா யாருக்கும் மனசுல நிக்காது.

இப்போ இதப் பாருங்க. 1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம், பிராட்மேனோட கடைசி டெஸ்ட், இன்னும் வெறும் 4 ரன் எடுத்தா ஆவரேஜ் 100, ஹோலிஸ் போட்ட ரெண்டாவது பால்லயே போல்ட், டக், 99.94ல நின்னுபோச்சு. 1990 ஆகஸ்ட் 14, ஓல்ட் டிராஃபோர்ட், மேட்ச் கைய விட்டுப் போயிட்டிருக்கு, 17 வயசு சச்சின் நின்னு ஆடி 119 நாட் அவுட், டெஸ்ட்ல அவரோட முதல் செஞ்சுரி, மேட்ச் டிரா. பின்னாடி ஒரு நாள் டிவில சச்சின் ஆடுறதப் பாத்துட்டு "நான் ஆடின மாதிரியே ஆடுறான்"னு மனைவியக் கூப்பிட்டு காட்டினது அதே பிராட்மேன் தான். தேதி ஒண்ணா அமைஞ்சது தற்செயல், அதுல எந்த மாயமும் இல்ல, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சதும் ஒரு கதை தானா வந்துடுது பாருங்க. அந்த மாதிரி ஜோடிங்கள எப்படி தேடுறது, தேதிய எப்படி செக் பண்றது, எப்படி எழுதுறது, இது தான் இந்த கைடு.

ஸ்டெப் 1: தேதிய தேர்ந்தெடுங்க

நிறைய பேர் இன்னிக்கு என்ன தேதியோ அதுல ஆரம்பிச்சு, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தேடுவாங்க. அது கஷ்டமான வழி, சில நாளுக்கு உருப்படியா ஒண்ணுமே சிக்காது, அப்புறம் யாரோ பொறந்தநாள வெச்சு ஒப்பேத்த வேண்டியதா போயிடும். தலைகீழா பண்ணுங்க. உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு பெரிய மேட்ச எடுத்துக்கோங்க, அதோட தேதிய கொக்கியா வெச்சுக்கிட்டு அதே தேதில வேற என்ன இருக்குன்னு தோண்டுங்க.

எல்லா தேதியும் சமமா நிரம்பி இருக்காது, இது தெரிஞ்சா தேடுறது ஈஸி. ஃபுட்பால் வேர்ல்ட் கப்பும் யூரோவும் ஜூன், ஜூலைல. விம்பிள்டன் அதே சீசன்ல. இங்கிலாந்துல கிரிக்கெட்டும் அப்போ தான். ஒலிம்பிக்ஸ் பெரும்பாலும் ஜூலை கடைசி, ஆகஸ்ட். அதனால ஜூன் 20லேருந்து ஆகஸ்ட் 20 வரைக்கும் எந்த தேதியத் தொட்டாலும் எதாவது கிடைக்கும். டிசம்பர் 26ம் அப்படித்தான், மெல்பர்ன்ல பாக்ஸிங் டே டெஸ்ட் வருஷா வருஷம் அன்னிக்கு ஆரம்பிக்குது, ஷேன் வார்ன் 700வது விக்கெட்ட 2006ல அன்னிக்கு தான் எடுத்தாரு. அதே டிசம்பர் 26 அன்னிக்கு 1908ல சிட்னில ஜாக் ஜான்சன் டாமி பர்ன்ஸ அடிச்சு ஹெவிவெயிட் பட்டம் ஜெயிச்ச முதல் கறுப்பினத்தவர் ஆனாரு.

ஆகவே "என்ன ஒரு அதிசயம், ரெண்டும் ஒரே நாள்ல"ன்னு ஓவரா பொங்காதீங்க. மொத்தம் 366 கட்டம் தான், நூறு வருஷத்து மேட்ச் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டா இடிச்சுக்கத்தான் செய்யும்.

ஸ்டெப் 2: ஒரு ஷீட் போட்டு அள்ளிக் கொட்டுங்க

எக்செல்லோ நோட்டுப்புத்தகமோ எதுவானாலும் சரி, ஆனா இந்த விஷயங்களுக்கு தனித்தனி காலம் (column) வேணும்: தேதி, வருஷம், விளையாட்டு, மைதானம், ஊர், உள்ளூர் நேரம், அன்னிக்கு சரியா என்ன நடந்துச்சு (மேட்ச் ஆரம்பமா, முடிவா, நடுவுல ஒரு நாளா), ஸ்கோர். "உள்ளூர் நேரம்" காலத்த வெட்டி வேலைன்னு விட்டுடாதீங்க, அடுத்த ஸ்டெப்ல அதுதான் காப்பாத்தும்.

தேடும்போது ஒரே விளையாட்டுல முங்கிடாம இருக்கணும். நமக்கு கிரிக்கெட்னா கை தானா அங்கயே போகும், ஒரு தடவையாவது அத்லெடிக்ஸ், பாக்ஸிங், டென்னிஸ், செஸ், ஹாக்கின்னு ஒரு ரவுண்டு வாங்க, பெண்கள் ஆட்டத்தையும் தனியா தேடுங்க, ஏன்னு ஸ்டெப் 4ல சொல்றேன். பழைய பேப்பர் ஆர்கைவ் செம்ம இடம், ஆனா ஒரு பொறி இருக்கு: பேப்பர்ல மேல போட்டிருக்கற தேதி பிரிண்ட் ஆன தேதி, மேட்ச் அதுக்கு முந்தின நாள். அத அப்படியே எடுத்துப் போட்டு ஒரு நாள் தள்ளிப்போன லிஸ்ட் ஏகப்பட்டது சுத்துது. ஸ்கோர்கார்டு, ஒலிம்பிக்ஸ் அதிகாரப்பூர்வ ரிசல்ட், மேட்ச் ரிப்போர்ட், இதுல குறைஞ்சது ரெண்டு ஒத்துப்போகணும்.

ஸ்டெப் 3: தேதி நிஜமாவே அந்த தேதி தானா

வேலைல பாதி இங்க தான். நிறைய பேர் சறுக்குறதும் இங்க தான், அதனால கொஞ்சம் நிதானமா போவோம்.

முதல்ல டைம் சோன். 1974ல கின்ஷாசால அலியும் ஃபோர்மனும் மோதின பாக்ஸிங் சண்டை அந்த ஊர் நேரப்படி அக்டோபர் 30 விடியக்காலை 4 மணி வாக்குல ஆரம்பிச்சுது, அமெரிக்காக்காரங்க பாக்கணும்னு தான் அந்த நேரம், அதே நிமிஷம் நியூயார்க்ல அக்டோபர் 29 ராத்திரி. ரெண்டு தேதியும் புழக்கத்துல இருக்கும். ஒரு ரூல் வெச்சுக்கோங்க: மைதானம் எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் தேதி, அவ்ளோ தான். எதிர் ஆளோட ஊர் தேதி, டிவில பாத்தவங்க ஊர் தேதி எதுவும் வேணாம்.

அடுத்தது நடுராத்திரி தாண்டுற மேட்ச். 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், லிவர்பூல் ஹாஃப் டைம்ல மிலன் கிட்ட 0-3, திரும்பி வந்து 3-3 ஆக்கி பெனால்டில ஜெயிச்சாங்க, எல்லா லிஸ்ட்லயும் மே 25. ஆனா இஸ்தான்புல்ல கிக் ஆஃபே ராத்திரி 9.45க்கு, எக்ஸ்ட்ரா டைம் எல்லாம் போய் லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் கடைசி பெனால்டிய தடுக்கும்போது அந்த ஊர்ல மே 26 பொறந்தாச்சு. 2023 ஐபிஎல் ஃபைனல் இதுக்கும் மேல. மே 28 நடக்க வேண்டியது, மழை, ரிசர்வ் டே 29க்கு போச்சு, குஜராத் 214 அடிச்சாங்க, சென்னை இறங்கி மூணு பால் ஆடினதும் மறுபடி மழை, ராத்திரி 12 மணி தாண்டி 15 ஓவர்ல 171னு டார்கெட் மாத்தி, கடைசி ரெண்டு பால்ல 10 ரன் வேணும், மோஹித் சர்மா போட்டதுல ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அந்த ஃபோர் அடிச்ச நேரம் காலண்டர்ல மே 30. இதுக்கு நான் சொல்ற வழி: மேட்ச் ஆரம்பிச்ச தேதில வைங்க, ஆனா எழுதும்போது "நள்ளிரவு தாண்டி முடிஞ்சது"ன்னு ஒரு வரி போட்டுடுங்க. எத வெச்சாலும் லிஸ்ட் முழுக்க ஒரே ரூலா இருக்கணும், உங்க ஜோடிக்கு தோதா இருக்குன்னு இங்க ஒரு ரூல் அங்க ஒரு ரூல்னு போனீங்கன்னா அது போங்கு.

மூணாவது, பல நாள் நடக்கற ஆட்டம். டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு தேதி போடும்போது "அந்த மேட்ச்"னு பொத்தாம் பொதுவா சொல்லக் கூடாது, அந்த நாள்ல நடந்தது என்னன்னு சொல்லணும். 2001 கொல்கத்தா டெஸ்ட்ட எடுங்க. லக்ஷ்மணும் டிராவிடும் விக்கெட்டே விடாம நாள் முழுக்க ஆடினது மார்ச் 14. ஆஸ்திரேலியாவோட 16 வெற்றி தொடர உடைச்சு இந்தியா 171 ரன்ல ஜெயிச்சது மார்ச் 15. ரெண்டும் வேற வேற என்ட்ரி. அந்த மார்ச் 15க்கு ஜோடி யாரு தெரியுமா, 1877 மார்ச் 15, மெல்பர்ன், டெஸ்ட் கிரிக்கெட்டோட முதல் நாள், சார்லஸ் பேனர்மேன் முதல் பால சந்திச்சாரு. அங்கயும் ஒரு பக்கம் ஆஸ்திரேலியா தான்.

சச்சின் விஷயத்துல இது இன்னும் நுணுக்கம். 1989 நவம்பர் 15 கராச்சில அறிமுகம், 2013 நவம்பர் 15 மும்பைல கடைசி இன்னிங்ஸ் 74ல முடிஞ்சுது, 24 வருஷம், அதே தேதி. ஆனா கராச்சில அன்னிக்கு பேட்டிங் பண்ணினது பாகிஸ்தான், சச்சின் ஃபீல்டிங்ல நின்னுட்டு இருந்தாரு. "இதே நாளில் முதன்முதலா பேட்டோட இறங்கினார்"னு எழுதினா தப்பு. மும்பைலயும் டெஸ்ட் முடிஞ்சது, அவர் பேசினது, பிட்ச தொட்டு கும்பிட்டது எல்லாம் மறுநாள் 16. டென்னிஸ்ல இஸ்னர் - மஹூத் மேட்ச் 2010 ஜூன் 22, 23, 24னு மூணு தேதில கிடக்கு, கடைசி செட் 70-68னு முடிஞ்ச தேதி 24, முடிவ பத்தி எழுதினா அத தான் போடணும்.

நாலாவது கொஞ்சம் பழைய காலத்து சமாச்சாரம். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்கம் ஏப்ரல் 6னு இருக்கும், சில இடத்துல மார்ச் 25னு இருக்கும், ரெண்டும் சரி, அப்போ கிரீஸ்ல ஜூலியன் காலண்டர் ஓடிட்டு இருந்துச்சு, 12 நாள் வித்தியாசம். இன்னிக்கு நாம யூஸ் பண்ற காலண்டர் தேதியையே எடுங்க.

தள்ளிப்போன மேட்ச்களையும் கவனிங்க, சில சமயம் மழை தான் கதையையே உண்டாக்குது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி ஃபைனல் ஆகஸ்ட் 14 நடந்திருக்கணும், மழையால 15க்கு போச்சு, ஹாஃப் டைம்ல 1-0, முடிவுல இந்தியா 8, ஜெர்மனி 1. பதினோரு வருஷம் கழிச்சு அந்த தேதி இந்தியாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத் தேவையில்ல.

ஸ்டெப் 4: "முதல்"ங்கற வார்த்தைய பாத்தா உஷார்

2010 பிப்ரவரி 24, குவாலியர், சச்சின் 200 நாட் அவுட். 2015 பிப்ரவரி 24, கான்பரா, கிறிஸ் கெயில் 215. அருமையான ஜோடி, ஒண்ணு ஆண்கள் ஒருநாள் போட்டில முதல் டபுள் செஞ்சுரி, இன்னொண்ணு ஆண்கள் வேர்ல்ட் கப்ல முதல் டபுள் செஞ்சுரி. ஆனா "ஒருநாள் கிரிக்கெட்ல முதல் 200"னு மொட்டையா எழுதிடாதீங்க. 1997 டிசம்பர் 16 மும்பைல பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிரா 229 நாட் அவுட் அடிச்சுட்டாங்க, அதுவும் வேர்ல்ட் கப்ல, சச்சினுக்கு 12 வருஷம் முன்னாடியே. அதனால தான் பெண்கள் ஆட்டத்த தனியா தேடச் சொன்னேன். டெஸ்ட்ல ஒரு இன்னிங்ஸ்ல 10 விக்கெட்டும் அதே கதை, கும்ப்ளே 1999 பிப்ரவரி 7 டெல்லில எடுத்தது ரெண்டாவது, ஜிம் லேக்கர் 1956ல முதல், அஜாஸ் படேல் 2021 டிசம்பர் 4 மூணாவது.

ஸ்டெப் 5: சல்லடை போடுங்க, ஜோடி சேருங்க

இதுவரைக்கும் சேத்ததுல பாதிய தூக்கிப் போடணும். மனசு வராது, ஆனாலும் போடணும். நான் பாக்கறது ரெண்டே கேள்வி தான்: அந்த நாள்ல ஒரு குறிப்பிட்ட நிமிஷம் இருக்கா, அந்த நிமிஷத்துக்கு அப்புறம் எதாவது மாறிச்சா. ஜூன் 25 வெச்சு முழுசா பண்ணிக் காட்டுறேன், எனக்குத் தெரிஞ்சு இந்த மாதிரி கெட்டியான தேதி ரொம்பக் கம்மி.

1932 ஜூன் 25, லார்ட்ஸ், இந்தியாவோட முதல் டெஸ்ட், சி.கே. நாயுடு கேப்டன், முகமது நிசார் வேகத்துல சட்கிளிஃபும் ஹோம்ஸும் ஸ்டம்ப் பறக்க போய், ஒரு கட்டத்துல இங்கிலாந்து 19க்கு 3. கடைசில இந்தியா 158 ரன்ல தோத்தது வேற விஷயம். 1983 ஜூன் 25, அதே லார்ட்ஸ், வேர்ல்ட் கப் ஃபைனல், 183 தான் அடிச்சோம், அதுல அதிகபட்சமே ஸ்ரீகாந்த் 38, அதுக்கப்புறம் ரிச்சர்ட்ஸ் 33ல இருக்கும்போது மதன்லால் பால தூக்கி அடிக்க, கபில் பின்பக்கமா ஓடி பிடிச்ச கேட்ச், வெஸ்ட் இண்டீஸ் 140க்கு ஆல் அவுட். அதே மைதானம், அதே தேதி, 51 வருஷம், ரெண்டு நாளும் சனிக்கிழமை. இது முதல் ஜோடி, இதுக்கு மேல விளக்கமே வேணாம்.

ஃபுட்பாலுக்கு வாங்க. 1978 ஜூன் 25, பியூனஸ் அயர்ஸ், வேர்ல்ட் கப் ஃபைனல், 1-1ல கடைசி நிமிஷம் நெதர்லாந்தோட ரென்சென்பிரிங்க் அடிச்சது போஸ்ட்ல பட்டு வெளிய வருது, எக்ஸ்ட்ரா டைம்ல கெம்பஸும் பெர்டோனியும் அடிச்சு அர்ஜென்டினா 3-1. 1988 ஜூன் 25, மியூனிக், அதே நெதர்லாந்து யூரோ ஃபைனல்ல சோவியத் யூனியன 2-0ன்னு முடிக்குது, ஹுலிட் தலையால ஒண்ணு, வான் பாஸ்டன் கோல் லைன் பக்கம் இருந்து நினைச்சே பாக்க முடியாத கோணத்துல அடிச்ச வாலி ஒண்ணு. போஸ்ட்ல பட்ட அந்த பாலுக்கு பத்து வருஷம் கழிச்சு அதே தேதில பதில் வந்த மாதிரி இருக்கு. இது ரெண்டாவது ஜோடி, இந்த லிஸ்ட்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

1982 ஜூன் 25, ஹிஹோன், வேர்ல்ட் கப் குரூப் மேட்ச். மேற்கு ஜெர்மனி 10வது நிமிஷம் கோல் போட்டு 1-0, அந்த ஸ்கோர் போதும் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ரெண்டு பேருமே அடுத்த ரவுண்டு போயிடலாம், முந்தின நாளே தன் மேட்ச முடிச்சிட்ட அல்ஜீரியா வெளிய. மீதி நேரம் பூரா பால தட்டிட்டு நின்னாங்க. அதுக்கப்புறம் தான் குரூப்போட கடைசி மேட்ச்கள் ஒரே நேரத்துல நடக்கணும்னு மாத்தினாங்க. இதுக்கு ஜோடி இல்ல, தனியா நிக்கட்டும், ரூலே மாறின நாள் இல்லையா. அதே மாதிரி 1994 ஜூன் 25, மரடோனா நைஜீரியா கூட ஆடினது, மேட்ச் முடிஞ்சதும் வெள்ளை உடுப்பு போட்ட நர்ஸ் ஒருத்தர் கைய பிடிச்சு டோப் டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போற அந்த காட்சி, வேர்ல்ட் கப்ல அவரோட கடைசி மேட்ச் அது. சிரிச்சுக்கிட்டே நடந்து போறாரு. அர்ஜென்டினா கப் அடிச்ச தேதிலயே இதுவும் வருது, 1978க்கு பக்கத்துல வெச்சுப் பாருங்க.

1935ல பாக்ஸர் ஜோ லூயிஸ் கார்னேராவ சாய்ச்சதும், 1948ல வால்காட்ட நாக் அவுட் பண்ணினதும் ஜூன் 25 தான். நல்ல விஷயம் தான், ஆனா இதுல போட்டா லிஸ்ட் வீங்கும், நான் விட்டுடுவேன். அஞ்சு, ஆறு என்ட்ரி போதும்.

ஜோடி வேற வகைலயும் அமையும். ஒரே ஆள், அடுத்தடுத்த வருஷம்: உசைன் போல்ட் 2008 ஆகஸ்ட் 16 பெய்ஜிங்ல 100 மீட்டர் ஓட்டத்துல ஷூ லேஸ் அவுந்து கிடக்க, கோட்டுக்கு முன்னாடியே மார்ல தட்டிக்கிட்டு 9.69, சரியா ஒரு வருஷம் கழிச்சு 2009 ஆகஸ்ட் 16 பெர்லின்ல 9.58. நாலு நாள் தள்ளி ஆகஸ்ட் 20ம் அதே போல, 200 மீட்டர்ல 19.30, அப்புறம் 19.19. ஒரே தேதி ஒரே வருஷம்கூட ஓகே: அந்த 2008 ஆகஸ்ட் 16 காலைல தான் நீச்சல்ல ஃபெல்ப்ஸ் 100 மீட்டர் பட்டர்ஃப்ளைல 50.58, சாவிச் 50.59, நூத்துல ஒரு பங்கு நொடி. 2019 ஜூலை 14 இன்னும் மோசம், லார்ட்ஸ்ல வேர்ல்ட் கப் ஃபைனல் டை, சூப்பர் ஓவரும் டை, பவுண்டரி எண்ணி இங்கிலாந்துக்கு கப், அதே சாயங்காலம் விம்பிள்டன்ல ஃபெடரர் 8-7ல ரெண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் கைல வெச்சிருந்தும் ஜோகோவிச் கடைசி செட்ட 13-12ன்னு எடுத்தாரு. ரிமோட்ட யார் வெச்சிருந்தாங்களோ பாவம்.

ஸ்டெப் 6: எழுதுறது

வருஷ வரிசைல எழுதணும்னு கட்டாயம் இல்ல, ஜோடிய பிரிக்காதீங்க, அது தான் முக்கியம். ஒவ்வொரு என்ட்ரிக்கும் கண்ணுல பாக்கற மாதிரி ஒரே ஒரு விஷயம் கொடுங்க, அவுந்த லேஸ், போஸ்ட்ல பட்ட பால், நர்ஸோட கை, ஸ்கோர் எல்லாம் அதுக்கு அப்புறம். 2007 செப்டம்பர் 24 ஜோகன்னஸ்பர்க் டி20 ஃபைனல் எழுதுறீங்கன்னா கடைசி ஓவர்ல 13 வேணும், மிஸ்பா ஒரு சிக்ஸ் அடிச்சுட்டாரு, அப்புறம் ஷார்ட் ஃபைன் லெக் மேல தூக்கி விடப் பாத்தது நேரா ஸ்ரீசாந்த் கைக்கு போச்சு, அங்கயே ஆரம்பிங்க. அதே செப்டம்பர் 24 அன்னிக்கு 1988ல சியோல்ல பென் ஜான்சன் 100 மீட்டர 9.79 நொடில ஓடினாரு, மூணே நாள்ல ஊக்கமருந்து சிக்கி தங்கம் கார்ல் லூயிஸுக்குப் போச்சு. இத "சாதனை"ன்னு எழுத முடியாது, "ஜெயிச்சாரு"ன்னு மொட்டையாவும் விட முடியாது, ஓடின தேதில வெச்சு, 27ம் தேதி பறிச்சதையும் அதே என்ட்ரில சொல்லிடணும்.

சோகமான நாளுங்க தனி. ஏப்ரல் 15 எடுத்துக்கோங்க. 1947ல ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு இறங்கி மேஜர் லீக் பேஸ்பால்ல நிறவெறி சுவர உடைச்ச நாள், இப்போ வருஷா வருஷம் அன்னிக்கு எல்லா வீரரும் 42ம் நம்பர் ஜெர்ஸி தான் போடுறாங்க. அதே ஏப்ரல் 15, 1989ல இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ மைதானத்துல கூட்ட நெரிசல், ஃபுட்பால் மேட்ச் பாக்க போனவங்க 97 பேர் உயிர் போச்சு. 2013ல பாஸ்டன் மாரத்தான்ல குண்டுவெடிப்பு. இத மூணையும் ஒரே மூச்சுல, ஒரே தொனில அடுக்காதீங்க. சோகத்த முதல்ல தனியா, அலங்காரம் இல்லாம எழுதுங்க, ஜோக், எமோஜி எதுவும் வேணாம், அப்புறம் ஒரு இடைவெளி விட்டு ராபின்சனுக்கு வாங்க. இல்லன்னா ரெண்டு தனி போஸ்டா போடுங்க, நான் அப்படித்தான் போடுவேன்.

ஸ்டெப் 7: வருஷா வருஷம் தூசு தட்டுங்க

ஒரு தடவை போட்டத அப்படியே அடுத்த வருஷம் காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. ஹில்ஸ்பரோ எண்ணிக்கையே ரொம்ப நாள் 96னு தான் இருந்துச்சு, அன்னிக்கு அடிபட்ட ஒருத்தர் இறந்த பிறகு 2021ல 97 ஆச்சு, பழைய போஸ்ட்ல இன்னும் 96 தான் கிடக்கு. பாப் பீமன் 1968 அக்டோபர் 18 மெக்சிகோ சிட்டில நீளம் தாண்டுதல்ல தாண்டின 8.90 மீட்டர "உலக சாதனை"ன்னு மட்டும் விட்டுட்டா படிக்கறவங்க இன்னும் அதுதான் இருக்குன்னு நினைப்பாங்க, 1991 ஆகஸ்ட் 30 டோக்கியோல மைக் பவல் 8.95 தாண்டிட்டாரு, ஆனா ஒலிம்பிக் சாதனை இன்னமும் பீமன்கிட்ட தான். அதனால ஷீட்ல "இப்போ நிலைமை"ன்னு ஒரு காலம் சேத்துக்கோங்க, போஸ்ட் போடுற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்த காலத்த மட்டும் ஓட்டிப் பாத்தா போதும்.